பெட்ரோல் எரிந்த பக்கம்

1934 ஆகஸ்டு பதினாறாம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிஷம். கணவாய்க் காற்று மேற்கிலிருந்து விடாமல் அடித்தது. தூறல் ஒன்பதே முக்காலுக்கு நின்றுவிட்டது. என் சட்டை முதுகுப் பக்கம் பிழிகிற மாதிரி நனைந்திருந்தது, மார்பில் ஒரு சொட்டு இல்லை. மோட்டார் சைக்கிளில் கிழக்கே போகிறவனுக்கு முதுகு மட்டும் நனைந்தால், காற்று வண்டியைவிட வேகமாக வந்திருக்கிறது என்று அர்த்தம். நான் இருபத்தைந்து மைல் வேகத்தில் போயிருந்தேன்.

வருமான வரி ஆபீஸின் பெஞ்சில் என்னோடு ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நோட்டீஸில் பத்து மணிக்கு ஆஜராக வேண்டும் என்று இருந்தது. பதினொன்றே காலுக்குக் கூப்பிட்டார்கள். ஐந்து வருஷம் கழித்து இதை எழுதும்போதும் அந்த ஒன்றேகால் மணி நேரக் கோபம் ஆறவில்லை.

நான் வடகரப்பதியில் குடியிருப்பவன். அது கொச்சி சமஸ்தானம். வேலை பார்த்ததோ எல்லைக்குக் கிழக்கே, கோயமுத்தூர் ஜில்லாவில், வீட்டிலிருந்து இரண்டே கால் மைலில் இருந்த ஒரு பஞ்சு ஆலையில். கணக்கு எழுதுகிற வேலை, மாதம் எழுபது ரூபாய், வருஷத்துக்கு எண்ணூற்று நாற்பது. இதற்கு வரி கிடையாது. இரண்டாயிரத்துக்கு மேல் சம்பாதிக்கிறவனிடம் வாங்கிக்கொண்டிருந்த வரியை, மூன்று வருஷத்துக்கு முன் ஆயிரத்திலிருந்தே வாங்குவது என்று சர்க்கார் இறக்கியது. அப்படியும் நான் கீழேதான் இருந்தேன். என்னை மேலே தூக்கியது கிணறு.

எங்கள் பக்கம் வறண்ட பூமி. அறுபது அடி, எழுபது அடி என்று கிணறு வெட்டுவார்கள். வெட்டுகிறவர்களுக்குக் கூலி கன அடிக் கணக்கு. மண்ணுக்கு ஒரு விலை, சுக்கான் என்கிற பொடிக்கல்லுக்கு ஒரு விலை, பாறைக்கு மூன்று மடங்கு. பாறை எந்த இடத்தில் ஆரம்பித்தது என்பதில் நிலத்துக்குச் சொந்தக்காரரான தோட்டக்காரருக்கும் வெட்டுகிற மேஸ்திரிக்கும் சண்டை வராத கிணறு கிடையாது. இரண்டு பேருக்கும் பொதுவாக ஒருவன் போய் அளந்து சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் கன அளவு ஒழுங்காகப் படித்தவன் அந்த வட்டாரத்தில் நான் ஒருவன்தான். காலையில் ஆலை திறப்பதற்கு முன்னும், ஞாயிற்றுக்கிழமைகளிலும் போவேன். ஒரு கிணற்றுக்கு நான்கு ரூபாய். பாறை தட்டியதும் ஒருதரம், வேலை முடிந்ததும் ஒருதரம் என்று இரண்டு நடை.

இதில் ஒரு முறை உண்டு. கிணறு அளக்கிறவன் தோட்டக்காரர் வண்டியிலும் ஏறக்கூடாது, மேஸ்திரி பிடித்துத் தருகிற வண்டியிலும் ஏறக்கூடாது. அங்கே சாப்பாடு, மோர் எதுவும் கூடாது. வாடகை வண்டியும் கூடாது, ஏனென்றால் அந்த வண்டிக்காரன் யாரோ ஒருவருக்குச் சொந்தக்காரனாகத்தான் இருப்பான். எனக்கு முன்னால் அளந்துகொண்டிருந்த ஒருவர் மழைக்கு ஒதுங்கித் தோட்டக்காரர் வண்டியில் முக்கால் மைல் வந்தார். அதற்குப் பிறகு அவரை எந்த மேஸ்திரியும் கூப்பிடவில்லை. அவர் கடைசிவரை அரிசி மண்டியில் மூட்டை எண்ணினார். ஆகவே நான் நடந்து போனேன், ஒன்பது வருஷம். பிறகு சைக்கிளில், ஏழு வருஷம். ஐம்பத்தாறாம் வயதில் வலது முழங்கால் மடங்க மறுத்தபோது மோட்டார் சைக்கிள் வாங்கினேன். சின்னக்கானலில் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்றது. இருநூற்று எழுபத்தைந்து ரூபாய். ஆசைக்கு வாங்கியதாக ஊரில் பேசிக்கொண்டார்கள். ஐம்பத்தாறு வயதில், மூலத்தோடு, அந்தச் சீட்டில் உட்கார யாருக்கு ஆசை வரும் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

வரிப் படிவத்தை நானே பூர்த்தி செய்தேன். சம்பளம் எண்ணூற்று நாற்பது. தொண்ணூற்றேழு கிணறு, முந்நூற்று எண்பத்தெட்டு. ஆகமொத்தம் ஆயிரத்து இருநூற்று இருபத்தெட்டு. மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல், எண்ணெய், டயர், செயின், இரண்டு ராஜ்யத்து லைசென்ஸ், தேய்மானம் எல்லாம் சேர்த்து அந்த வருஷச் செலவு இருநூற்று ஐம்பது. முன் சக்கரத்தில் மைல் எண்ணுகிற சின்னப் பெட்டி ஒன்றைப் பூட்டியிருந்தேன். ஒவ்வொரு நடைக்கும் நோட்டில் எழுதினேன். ஐயாயிரத்து நூற்றிருபது மைல் ஓடியதில் சொந்தக் காரியத்துக்கு இருநூற்று ஐம்பத்தாறு. இருபதில் ஒரு பங்கு. அந்தப் பங்கை நானே கழித்துவிட்டேன், யாரும் கேட்காமலே. என் மனைவிக்குப் பல் பிடுங்கப் போன நாற்பத்தொரு மைலும் அதில் அடக்கம். மீதி இருநூற்று முப்பத்தேழரை ரூபாய் தொழில் செலவு. அதைத் தள்ளினால் வருமானம் தொள்ளாயிரத்துத் தொண்ணூறரை. ஆயிரத்துக்குக் கீழே. வரி இல்லை.

ஆபீசருக்கு முப்பத்திரண்டு வயதுக்கு மேல் இராது. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சு. மரியாதை தெரிந்தவர். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல மனம் வராது.

"மோட்டார் சைக்கிள் யார் ஓட்டறது?" என்றார்.

"நான்தானுங்க."

"உங்களுக்கு என்ன வயசு?"

"ஐம்பத்தெட்டு முடிஞ்சு நாலு மாசமுங்க."

பக்கத்தில் நின்ற குமாஸ்தா எங்கள் ஊர்ப் பேச்சுக்காரன். "நெசந்தானுங்க சார். டப்டப்பு வண்டி வாசல்ல நிக்குது. ஹாரன அமுக்கிப் பாக்க ஒரு கும்பலே நிக்குதுங்க" என்றான்.

கிணறு அளக்கிறவனுக்கு மோட்டார் சைக்கிள் எதற்கு என்று ஆபீசர் கேட்டார். முறையைச் சொன்னேன். ஒத்துக்கொண்டார். எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அப்புறம் என் நோட்டைப் புரட்டினார். பதினோரு பக்கம் புரட்டி, ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"இந்த நடை இருபத்தாறே கால் மைல்னு இருக்கு. இதுல கொச்சில எவ்வளவு, நம்ம ஜில்லாவுல எவ்வளவு?"

நோட்டை என் பக்கம் திருப்பிப் பார்த்தேன்.

வாழ்க்கையில் எண்ணாமல் விட்டது அது ஒன்றுதான். எங்கள் வீட்டில் எத்தனை ஓடு என்று எனக்குத் தெரியும். ஆலைக்கு எத்தனை எட்டு என்று தெரியும். ஆனால் எல்லை எத்தனையாவது மைலில் வருகிறது என்று நான் பார்த்ததே கிடையாது. நான் மட்டுமில்லை, எங்களில் யாரும் பார்ப்பதில்லை. ஒரே ஆளின் காட்டில் சோளம் கொச்சியிலும் கடலை கோயமுத்தூரிலும் இருக்கும். பெண் கொடுப்பதும் எடுப்பதும் எருமை மேய்வதும் அதற்குக் குறுக்கேதான். பெரிய தார் ரோட்டில் கொச்சி சர்க்காரின் சுங்கச் சவுக்கை ஒன்று உண்டு, அங்கே புகையிலை மூட்டையைக் குத்திப் பார்ப்பார்கள். நான் போகிற கிணறுகளோ வண்டித் தடத்தில் இருப்பவை. அங்கே சவுக்கையும் இல்லை, பலகையும் இல்லை.

"வெளி ராஜ்யத்துல ஓடினதுக்கு இங்கே நான் கழிவு கொடுக்க முடியாது. பிரிச்சுக் காட்டுங்க" என்றார். காட்ட முடியாது என்பது என் முகத்தில் தெரிந்திருக்கும். பேனாவை மூடி வைத்துவிட்டு, சிநேகிதர் மாதிரி முன்னால் குனிந்தார்.

"ஒண்ணு செய்யுங்க. மோட்டார் சைக்கிள்ங்கிறதை அடிச்சுடுங்க. மாட்டு வண்டி வாடகைன்னு எழுதுங்க. நடைக்கு ஒண்ணேகால் ரூபா. வண்டி வாடகைக்கு நான் மைலும் கேக்கமாட்டேன், எல்லையும் கேக்கமாட்டேன். இங்கே வர்றவா எல்லாம் அப்படித்தான் எழுதறா."

நூற்றுத் தொண்ணூற்று நாலு நடை, ஒன்றேகால் வீதம், இருநூற்று நாற்பத்திரண்டரை ரூபாய். என் உண்மையான செலவைவிட ஐந்து ரூபாய் கூடுதல். பொய் சொன்னால் ஐந்து ரூபாய் லாபமும், வரி இல்லாமல் வீட்டுக்குப் போகலாம் என்ற உத்தரவும். நிஜத்தைச் சொன்னால் வில்லங்கம். சர்க்கார் சம்பளம் வாங்குகிறவர், மேஜைக்குப் பின்னால் ராஜாவின் படத்தை மாட்டிக்கொண்டு, இதைச் சொன்னார்.

"நான் வண்டியில போகலீங்களே" என்றேன்.

"எனக்குத் தெரியும். காகிதத்துக்குத் தெரியாது."

"காகிதத்துல என் கையெழுத்து இருக்குமுங்க."

அதற்கு மேல் நான் விளக்கவில்லை. விளக்கியிருக்க வேண்டும். வருஷத்தில் நூற்றுத் தொண்ணூற்று நாலு தடவை நான் யாருடைய வண்டியிலோ ஏறிப்போனேன் என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்தக் காகிதம் என்றைக்காவது வெளியே வரும். அன்றோடு நான் சொல்லும் அளவை எந்தக் கிணற்று மேட்டிலும் ஒருவனும் ஏற்கமாட்டான். பதினெட்டு வருஷத்தில் ஆயிரத்துச் சொச்சம் கிணறு அளந்திருக்கிறேன். அத்தனை அளவும் சந்தேகத்துக்குள் போய்விடும். ஒரு மாதத் தவணை கேட்டேன். செப்டம்பர் பதினேழு, திங்கட்கிழமை என்று எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் என் மனைவி விதைக்கடலை பொறுக்கிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடிக்கும் வரை அவள் கை நிற்கவில்லை.

"ஏனுங்க, வண்டி வாடகைன்னு ரெண்டு வார்த்தை எழுதுனா வெரலு தேஞ்சு போயிருமா?"

"நான் வண்டியில போகல."

"போகலைன்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அந்த ஆபீசருக்கும் தெரியுமாமா. அப்பறம் ஆருக்குங்க தெரியோணும்?"

"தெரியாதவனுக்குத்தான் காகிதம்."

"பாருங்க, அந்த வண்டி வந்தன்னைக்கே சொன்னேன். முதுகொடிய ஓட்டறீங்க, ஊரு சிரிக்குது. இப்ப சர்க்காரும் சிரிக்குது." ஒரு சொத்தைக் கடலையை எடுத்து என் பக்கம் போட்டாள். "எவ்வளவுங்க வரி கேப்பாங்க?"

"பதிமூணு பதினாலு ரூபா வரும்."

"அதக் குடுத்துட்டு வந்து சோறு உண்ணுங்க."

அவள் சொன்னதுதான் புத்தி. அந்த ஒரு ராத்திரிக்குள் ஒப்புக்கொண்டிருந்தால் பதினாலு ரூபாயோடு போயிருக்கும். ஆனால் காலையில் நோட்டை எடுத்துப் பார்த்தேன். நூற்றுத் தொண்ணூற்று நாலு நடையையும் தடம் தடமாகச் சேர்த்தால் நாற்பத்தொரு தடம்தான் வந்தது. நாற்பத்தொரு தடத்தில் எல்லையைக் கண்டுபிடித்தால் போதும். எண்ணாமல் விட்டதை எண்ணிவிடலாம் என்று தோன்றியது. என் கேடு அந்த எண்ணத்தில் ஆரம்பித்தது.

ஐந்து ஞாயிறும், ஆலையில் சம்பளம் இல்லாத லீவு போட்டு மூன்று நாளும் சுற்றினேன். கல் இருக்கும் என்று நினைத்திருந்தேன். சர்வேக்காரர்கள் ஒரு காலத்தில் வரிசையாக நட்டிருக்கிறார்கள். ஆனால் நட்ட இடத்தில் கல் எதற்கு இருக்க வேண்டும்? நல்ல கருங்கல். முதல் தடத்தில் முதல் கல்லை ஒரு தோட்டத்தில் எருமை கட்டுகிற இடத்தில் பார்த்தேன். எழுத்து தெளிவாக இருந்தது. எருமை அதில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"இது எங்கிருந்ததுங்க?" என்று தோட்டக்காரரைக் கேட்டேன். எனக்கு நன்றாகத் தெரிந்த மனிதர். அவர் கிணற்றை நான்தான் அளந்தேன்.

"எதுங்க?"

"இந்தக் கல்லு."

"அது எங்க அப்பன் காலத்துல இருந்து இங்கதானுங்க இருக்குது."

"எல்லைக் கல்லுங்க இது."

அவர் எருமையைப் பார்த்தார். "அப்படீங்களா. அப்ப இதுக்கு அக்கட்ட கொச்சி, இக்கட்ட கோயமுத்தூருன்னு எழுதிக்கோங்க. எருமை நடுவுல நிக்கிது, அதுக்கு வரி ஆரு கேப்பாங்க?"

நான் சிரிக்கவில்லை. "வாஸ்தவமா எங்கிருந்துச்சு, சொல்லுங்க" என்றேன்.

"சொன்னா எங்கிருந்து எடுத்தேன்னு வருமுங்க. எங்கிருந்து எடுத்தேன்னு வந்தா ஏன் எடுத்தேன்னு வருமுங்க. நீங்க கெணறு அளக்கறவரு, கல்லு அளக்க எப்ப ஆரம்பிச்சீங்க?" இவ்வளவும் சொல்லிவிட்டு, பழக்கத்தில் ஒரு சொம்பு மோர் கொண்டுவரச் சொன்னார். வேண்டாம் என்றேன். அவருக்கு அந்த முறை ஞாபகத்தில் இல்லை. எனக்கு இருந்தது.

இப்படித்தான் நாற்பத்தொரு தடமும். சில இடத்தில் கல் துவைக்கிற கல்லாகி இருந்தது. ஓரிடத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேர் இரண்டு இடத்தைக் காட்டினார்கள், இரண்டுக்கும் நடுவே எண்பத்தைந்து கஜம். நான் பாதியை எழுதிக்கொண்டேன். பதினாறாவது தடத்தில் கல்லே இல்லை என்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள். திரும்பி வரும்போது கிளுவை வேலிக்குள் புதைந்து கிடந்த அதன் முனையை என் பின் சக்கரம் கண்டுபிடித்தது. டயர் ஒன்றரைச் சாண் கிழிந்தது. ஐந்து மைல் வண்டியைத் தள்ளினேன். முழங்கால் எட்டு நாள் வீங்கியிருந்தது. வண்டி வாடகை என்று எழுதியவர்கள் அந்த நேரத்தில் வீட்டில் படுத்திருப்பார்கள்.

அந்த எட்டு நாளில் அளக்கக் கூப்பிட்ட ஒன்பது கிணற்றுக்கு நான் போகவில்லை. பத்தாவதுக்குப் போனேன். அன்று செப்டம்பர் ஒன்பது. இருபத்திரண்டடி ஆழத்தில் பாறை தட்டியிருந்த கிணறு. மேஸ்திரி எனக்குப் பன்னிரண்டு வருஷப் பழக்கம், கிணற்றுக்குள் வெடி வைத்து இடது கையில் இரண்டு விரல் போனவர். நான் நாடாவை எடுத்தேன். அவர் மேட்டில் நின்றுகொண்டே இருந்தார், இறங்கவில்லை.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கலாமுங்களா?" என்றார்.

"கேளுங்க."

"வரியாபீசுல நீங்க மாட்டுவண்டியில போறதா எழுதிக் குடுத்துட்டீங்கன்னு பேசிக்கறாங்க."

"யாரு?"

"சந்தையில பேச்சு. அந்த ஆபீசுக் குமாஸ்தா சொன்னானாம். ஆரு வண்டிங்கறதுதான் தெரியலைன்னு சிரிக்கறாங்க." அவர் சிரிக்கவில்லை. "போன மாசி மாசம் நானூறு அடி பாறைய நீங்க சுக்கான்னு சொன்னீங்க. எனக்கு அன்னைக்கு வலிச்சுது, ஆனா ஒரு வார்த்தை பேசலீங்க. ஏன்னா நீங்க உங்க வண்டியில வந்தீங்க. இப்ப அதுவும் இல்லையின்னா நான் அந்த நானூறு அடிய என்னன்னு நெனைக்கிறதுங்க?"

தோட்டக்காரர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார். அவருக்கும் இதே சந்தேகம்தான், எதிர்ப்பக்கமாக.

நான் கையெழுத்துப் போடவில்லை என்றேன். மேஸ்திரி என்னை நம்பினாரா என்று தெரியாது. "காகிதம் ஏதாச்சும் இருந்தா காட்டுங்க, நாலு பேருகிட்டச் சொல்லிருவேன்" என்றார். காகிதம் இல்லை. அன்று அந்தக் கிணற்றை நான் அளக்கவில்லை. அளக்க அவர்கள் விடவில்லை என்பதுதான் சரி. மரியாதையாக, நாளை பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். குமாஸ்தா சந்தையில் சிரித்ததற்கு நான் பதினெட்டு வருஷத்து நம்பிக்கையைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு வரியைப் பற்றி அக்கறை இல்லை. ஆபீசர் எழுதும் உத்தரவில் மோட்டார் சைக்கிள் என்ற வார்த்தை இருக்க வேண்டும். அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

டவுனில் ஒரு வக்கீல் குமாஸ்தாவுக்கு ஐந்து ரூபாய் கொடுத்து மனு எழுதி வாங்கினேன். பதினேழாம் தேதி அதோடு நாற்பத்தொரு தடத்தின் பட்டியலையும் மேஜையில் வைத்தேன். ஆபீசர் பத்து நிமிஷம் படித்தார். நிஜமாகவே அசந்துபோனார் என்று நினைக்கிறேன்.

"இதையெல்லாம் நீங்களே போய் அளந்தேளா?"

"எல்லாந்தானுங்க. நாலாயிரத்து எண்ணூற்று அறுபத்துநாலு மைல்ல, ஜில்லாப் பக்கம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறு. நூத்துக்கு நாற்பது. மீதி கொச்சிப் பக்கம்."

"அப்ப கழிவும் நூத்துக்கு நாற்பது. தொண்ணூத்தஞ்சு ரூபா" என்றார் உடனே. கணக்கில் கெட்டிக்காரர்தான்.

"சரிங்க. அப்படீன்னா கொச்சிப் பக்கத்துக் கிணத்து வருமானத்தையும் தள்ளிருங்க. தொண்ணூத்தேழுல ஐம்பத்தெட்டு கிணறு அந்தப் பக்கம். இருநூத்து முப்பத்திரண்டு ரூபா. அதைத் தள்ளினா, கழிவே வேண்டாமுங்க, நான் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தாறுல நிக்கறேன்."

இந்தக் கணக்கை நான் முந்தின நாள் போட்டு வைத்திருந்தேன். இதற்குப் பதில் இருக்காது என்றுதான் நினைத்தேன்.

"கிணத்துக்காசை எங்கே போட்டு வைக்கறேள்?"

"ஆலைக்குப் பக்கத்துத் தபாலாபீசு சேவிங்ஸ் பேங்குல."

"ஆலை எந்தப் பக்கம்?"

பட்டியலை மடிக்க ஆரம்பித்தேன்.

"காசு நம்ம ஜில்லாவுக்குள்ள வந்திருக்கு. வந்த காசுக்கு வரி உண்டு. பெட்ரோல் அங்கே எரிஞ்சிருக்கு. எரிஞ்சதுக்குக் கழிவு இல்லை."

இந்த வாக்கியங்களை அவர் எந்தக் கோபமும் இல்லாமல் சொன்னார். ஐந்து வருஷமாக இவற்றை நான் தினம் ஒரு தடவையாவது நினைக்கிறேன். கொச்சியில் பாறைக்குள் இறங்கி நான் சம்பாதித்த நான்கு ரூபாய் எல்லையைத் தாண்டி வரும். அந்த நான்கு ரூபாயைச் சம்பாதிக்க எரித்த பெட்ரோல் தாண்டி வராது. அந்தப் பெட்ரோலைக் காசு கொடுத்து வாங்கியதும் ஜில்லாப் பக்கத்துக் கடையில்தான். அதையும் சொன்னேன். வாங்கின இடம் முக்கியமில்லை, எரிந்த இடம்தான் முக்கியம் என்றார். காசுக்கு மட்டும் சம்பாதித்த இடம் முக்கியமில்லை, வைத்த இடம்தான் முக்கியம். ஒரே மேஜையில், ஒரே காலையில், இரண்டு நியாயம். என் பிழை என்ன என்று கேட்டால், மனைவி வீட்டில் ரொக்கம் வைக்கப் பயந்தாள், பக்கத்தில் இருந்த தபாலாபீசு எந்த ராஜ்யம் என்று நான் பார்க்கவில்லை. பார்க்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை.

கடைசியில் அவர் பழைய இடத்துக்கே வந்தார். "பெரியவரே, இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை. ஒரே வரி. வண்டி வாடகை. இதோ பேனா."

பேனாவை என் பக்கம் திருப்பி வைத்தார். குமாஸ்தா பக்கத்தில் நின்றான்.

"வேண்டாமுங்க. வரியைப் போடுங்க. ஆனா உத்தரவுல, இந்த ஆளு சொந்த மோட்டார் சைக்கிள்ல போய் வர்றாரு, மைல் கணக்கு சரியா இருக்குன்னு எழுதிருங்க."

"அதை எழுதறதால உங்களுக்கு ஒரு தம்பிடி குறையாதே."

"தெரியுமுங்க."

அவர் பேனாவைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்புறம் எழுதினார்.

அக்டோபர் நாலாம் தேதி உத்தரவு போட்டாயிற்று என்று தகவல் வந்தது. மறுபடியும் இருபத்திரண்டு மைல் போய், கட்டணம் கட்டி ஒரு நகல் வாங்கினேன். இங்கிலீஷில் இருந்தது. பத்தொன்பது வரி. ஆறாவது வரியில் நான் கேட்டது இருந்தது. மற்றப் பதினெட்டும் எனக்கு எதிராக.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, என்னைத் திருப்பி அனுப்பிய கிணற்றுக்கே போனேன். மேஸ்திரியும் தோட்டக்காரரும் நின்றார்கள். வெட்டுகிறவர்கள் ஒன்பது பேரும் மேலே ஏறி வந்தார்கள். ஆறாவது வரியை இங்கிலீஷில் ஒருதரம் படித்து, தமிழில் ஒருதரம் சொன்னேன். மேஸ்திரி காகிதத்தை வாங்கி, எழுத்துத் தெரியாவிட்டாலும் முத்திரையைத் தடவிப் பார்த்தார்.

"சர்க்காரே எழுதிருச்சுங்க. அப்பறம் என்ன, இறங்குங்க" என்றார். கயிற்றைப் பிடித்துக்கொண்டே, "இந்தக் காகிதத்துக்கு எவ்வளவுங்க ஆச்சு?" என்று கேட்டார்.

அவருக்கு அப்போது பதில் சொல்லவில்லை, கூட்டிப் பார்த்திருக்கவில்லை. அன்று மாலை கூட்டினேன். வரி பதினொரு ரூபாய் பன்னிரண்டணா பத்துப் பை. எல்லை தேடி ஓடிய அறுநூற்றுப் பதின்மூன்று மைலுக்குப் பெட்ரோலும் எண்ணெயும் பன்னிரண்டேகால். ஆலையில் ஆறு நாள் சம்பளம் பதினாலு ரூபாய். போகாமல் விட்ட ஒன்பது கிணறு, முப்பத்தாறு. பின் டயர் பதினேழரை. மனுவுக்கும் நகலுக்கும் ஐந்தே முக்கால். ஆபீசுக்கு மூன்று தடவை போய் வந்ததற்கு இரண்டு ரூபாய் பத்தணா. இதில் எதற்கும் அடுத்த வருஷம் கழிவு கிடையாது என்று அதே ஆபீசர் பிற்பாடு சொன்னார். தொண்ணூற்றொன்பது ரூபாய், பதினாலணா, பத்துப் பை.